தொய்ந்த நூல்

கீழ்க்கட்டளை ஒர்க்‌ஷாப்பில், பள்ளத்தின் மேல் அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் நிற்கிறது. பத்து நாளுக்கு முன் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. பானட்டில் வைத்த சந்தனப் பொட்டு இன்னும் உதிரவில்லை. "ஸ்டியரிங்க லேசா விட்டாக்கூட லெஃப்ட்ல இழுக்குது பாய்," என்கிறார் ஷ்யாம்சுந்தர். இடப்பக்க சீட்டில் அவர் மகள் சின்மயி பெல்ட்டைக்கூடக் கழற்றாமல் காத்திருக்கிறாள். டயரில் காற்று சரியாக இருக்கிறது. பிரேக்கும் எங்கும் ஒட்டவில்லை. மெக்கானிக் மொஹ்சின் நூலை எடுக்கிறான். வலப்பக்கம் முன் சக்கரத்தின் நடுவிலிருந்து பின் சக்கரத்தின் நடுவரை விறைப்பாக இழுத்து, அளவுக்கு முடிச்சுப் போடுகிறான். அதே நூலை இடப்பக்கம் பிடித்ததும் அது தொய்கிறது; இந்தப் பக்கம் வண்டி இரண்டு விரல் குட்டை. மீனம்பாக்கத்தில் இறங்கப் போகும் விமானம் தகரக் கூரையை அதிரவைத்துப் போகிறது. அது ஓயும்வரை அவன் நூலையே பார்க்கிறான். பிறகு பள்ளத்தில் இறங்கி டார்ச் அடிக்கிறான். கறுப்புப் பெயிண்டுக்கு அடியில் ஒரு வெல்டிங் தழும்பு. அதன் கடைசியில், தேவையே இல்லாத மூன்று வெல்டிங் பொட்டுகள். வேலையை முடிக்கும்போது அப்படி வைப்பது அவன் பழக்கம். போன வருஷம் சாம்பல் நிறத்தில் நசுங்கி வந்த வண்டி இது. "ஷோரூம்ல சும்மா நிக்கப் போறது பாய், ரோட்டுக்கு வராது," என்று புரோக்கர் சொன்னதும் அவன் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. இப்போது அவன் நெற்றிக்கு ஒரு முழம் மேலே, காரின் தரையைக் குட்டிச் செருப்புகள் தட்டுகின்றன. மொஹ்சின் ஏறி வருகிறான். இடப்பக்கக் கதவைத் திறந்து, பெல்ட்டைக் கழற்றி, சின்மயியைத் தூக்கித் தரையில் நிறுத்துகிறான். "நசுங்கி ஒட்டின வண்டி சார் இது. பாப்பாவ இதுல ஏத்தாதீங்க." ஷ்யாம்சுந்தர் மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறார். "எந்தப் பாவி பாய் இப்படி ஒட்டி வெச்சான்?" நூலை விரலில் சுற்றியபடியே மொஹ்சின் சொல்கிறான்: "நான்தான் சார்."