இருபத்தேழு பருக்களின் கோப்பு

மனித குல வரலாற்றில் முகப்பருவுக்கென்று முதன்முதலாகக் கோப்பு திறக்கப்பட்டது, ஒரு திங்கட்கிழமை காலை ஆறே காலுக்கு. திறந்து வைத்தவர், ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர் ஒருவர். பருக்கள், அவருடைய ஒரே மகளுடையவை.

"வரிசை எண் ஒன்று. இடக் கன்னம். சிவப்பு, புதுசு. ம்... வைம்மா!"

மகள் பருவைச் சூட்டால் வாட்டும் மின்கருவியை எடுத்துக் கன்னத்தில் வைத்தாள். கட்டைவிரல் பருமன்தான் இருக்கும். அதன் உலோக நுனி சூடேறி, பருவின் மேல் இரண்டரை நிமிடம் உட்கார்ந்திருக்க வேண்டும். அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது.

"சூடு பட்டா முகம் தெளிஞ்சுடும்னா, இந்த அடுப்பு முன்னாடி நான் நின்ன நிலைக்கு உலக அழகியாகியிருக்கணும்," என்றாள் அம்மா, சமையலறையிலிருந்து. "முகத்துக்கு இஸ்திரி போடுற குடும்பத்தை இப்பத்தான் பார்க்கிறேன்."

"நீ சும்மா இரு. இருபத்தோரு நாள்ல படப்பிடிப்பு," என்றார் அவர்.

கருவி வந்த பெட்டிக்குள் ஒரு சீட்டு இருந்தது. 'எங்கள் விளம்பரத்தில் வர விருப்பமா? உங்கள் படத்தை அனுப்புங்கள்.' சூட்டுக்குப் பயந்து கருவியைத் தொடாதவள், படத்தை மட்டும் அன்றே அனுப்பினாள். நாற்பது பேரில் அவளைத் தேர்ந்தெடுத்துக் கடிதம் வந்தது. கடைசி வரியில், 'படப்பிடிப்பு வரை முகத்தில் எதையும் பூச வேண்டாம்' என்றிருந்தது.

தலைமை எழுத்தர் அந்த வரியை மூன்று முறை படித்தார். அடுத்தவர் எழுதியதில் ஓட்டை கண்டுபிடித்தே முப்பத்திரண்டு வருடம் சம்பளம் வாங்கியவர்.

"பூசத்தான் வேண்டாம்கிறான். சூடு வைக்கக் கூடாதுன்னு எங்கே சொன்னான்?"

மகளுக்கு அது வெறும் விளம்பரம் இல்லை. துணிக்கடையின் நிலவறையில் பார்சல் ஒட்டுவது அவள் வேலை. மேலே விற்பனைப் பிரிவுக்கு மாற்றித் தரும்படி கேட்டபோது, "முகம் கொஞ்சம் சரியாகட்டும்மா, பார்க்கலாம்" என்றார் மேலாளர். அதைச் சொல்லி முடிக்கும்வரை அவள் காதையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்கு எதிரே ஒரு பெரிய விளம்பரப் பலகை உண்டு. அதில் தன் முகம் ஏறிவிட்டால் மனிதர் தினமும் எந்தக் காதைப் பார்ப்பார் என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

உள்ளதைச் சொல்ல வேண்டும். கருவி வேலை செய்தது. புதிதாக முளைத்தவை இரண்டு நாளில் வாடின. ஆழத்தில் வேர்விட்டவை அதைச் சட்டை செய்யவே இல்லை. ஆயுள் முடிந்து தாமாகப் போய்ச் சேர்ந்தன. தலைமை எழுத்தர் இரு வகைக்கும் 'கருவியால் தீர்வு' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

இருபதாம் நாள், வரிசை எண் இருபத்தேழு மோவாயிலிருந்து விடைபெற்றது. அன்றே தலைமை எழுத்தர் வாசகம் சொல்லி, மகளை ராஜினாமாக் கடிதம் எழுதவைத்தார்.

"ஒரு நாள் லீவு போட்டாப் போதாதாப்பா?"

"பலகையில சிரிக்கிற பொண்ணு நிலவறையில டேப் ஒட்டுவாளா? கொண்டு போய்க் கொடு!"

மேலாளர் நிமிர்ந்தே பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் படப்பிடிப்புக் கூடத்தில் வெளிச்சம் கண்ணைக் கூசவைத்தது. நடுவில் இரண்டு முக்காலிகள். ஒன்றின் மேல் 'முன்' என்று தாள் ஒட்டியிருந்தது, இன்னொன்றின் மேல் 'பின்'. 'பின்' முக்காலியில் ஏற்கெனவே ஒரு பெண், துடைத்து வைத்த கண்ணாடி போன்ற முகத்தோடு.

இயக்குநர் கையிலிருந்த படத்தையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்தப் பொண்ணு எங்கேம்மா?"

"நான்தான் சார்."

"நீயா? பரு எங்கே?"

"போயிடுச்சு சார். உங்க கருவியாலதான்!"

தலைமை எழுத்தர் முன்னால் வந்து கோப்பைப் பிரித்தார். "மொத்தம் இருபத்தேழுங்க. தேதி வாரியா ஆதாரம் இருக்கு."

இயக்குநர் கோப்பைத் தொடவில்லை. திரும்பி உதவியாளரிடம் கத்தினார். "அடுத்த பொண்ணுக்கு போன் போடுய்யா! இதுக்கு ஆறிப்போச்சு. 'முன்'னுக்கு வேற ஆள் வேணும்!"

"ஐயா, உங்க சரக்கு வேலை செஞ்சிருக்குங்க. இதைவிட வேற என்ன விளம்பரம் வேணும்?"

"அதை வச்சு நான் என்னங்க பண்றது? 'பின்'னுக்குத்தான் ஆள் உட்கார்ந்திருக்கே."

மகள் விடவில்லை. "பரு வேணும்னா மேக்கப்ல வச்சுக்கலாமே சார்?"

"பொய்ப் பருவா?" அவர் நிஜமாகவே புண்பட்டுப் போனார். "இது நேர்மையான கம்பெனிம்மா. ஜனங்களை ஏமாத்துறது எங்ககிட்ட கிடையாது."

தலைமை எழுத்தர் கோப்பை மூடிக் கயிற்றைக் கட்டினார். முடிச்சு விழவில்லை. மகள் 'பின்' முக்காலியின் அருகே போய் நின்றாள்.

"உனக்கு எத்தனை நாள்ல சரியாச்சு?"

"எனக்குப் பருவே வந்ததில்லக்கா."