மாம்பழக் கலர் சேலை

"மத்தியானமானா கதவச் சாத்திக்கிறாங்க. உள்ள புள்ள செத்துப்போன அம்மாகிட்டப் பேசுது. என் காதாலயே கேட்டேன். வந்து கூட்டிட்டுப் போயிரு."

தங்கச்சியோட பக்கத்து வூட்டுக்காரி போன்ல சொன்னதுமே கோகிலவாணி பொம்மிடியில பஸ் ஏறிட்டாள். தங்கச்சி அமுதவல்லி போய்ச் சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகுது. அவ புருஷன் அதுக்குள்ள இன்னொருத்தியக் கட்டிக்கிட்டான். அவ கையில தங்கச்சி மக, அஞ்சு வயசுப் பூவிழி என்ன பாடு படுதோ? இன்னைக்குப் புள்ளையக் கையோட கூட்டிட்டு வந்துரணும்.

அதியமான்கோட்டை வூட்டுக் கதவு சாத்தித்தான் இருந்தது. சுள்ளுனு வெயில். தெருவுல ஒரு ஈ காக்கா இல்ல. உள்ளே சொட்டுச் சொட்டாத் தண்ணி விழுற சத்தம்.

அப்புறம் பூவிழியோட குரல்.

"அம்மா, விடாத. கைய இறுக்கிப் புடிச்சுக்க."

யாரோ பதில் சொன்ன மாதிரி, கொஞ்சம் விட்டுக் களுக்குனு ஒரு சிரிப்பு.

கோகிலவாணி ஜன்னல் இடுக்குல எட்டிப் பார்த்தாள். அரை இருட்டுல, பாயில புள்ள கிடக்குது. கழுத்துல இருந்து கால் வரைக்கும் பொணத்துக்குச் சுத்துற மாதிரி ஈரத்துணி. உத்துப் பார்த்தா, அமுதவல்லியோட மாம்பழக் கலர் சேலை.

கதவத் தட்டின தட்டுல தேவிப்பிரியா ஓடி வந்து திறந்தாள். புதுசாக் கட்டிக்கிட்டு வந்தவ.

"வாங்கக்கா."

"என்னடி செய்வினை பண்றே? செத்தவ சேலைய எதுக்குடி உசுரோட இருக்கிற புள்ளைக்குச் சுத்தி வெச்சிருக்கே?"

"ஐயோ, இல்லீங்கக்கா. எக்ஸிமாவாம். தோல் காஞ்சு வெடிச்சு, ரத்தம் வர்ற வரைக்கும் சொறிஞ்சுக்குதுங்க. தருமபுரி டாக்டரம்மாதான் குளிப்பாட்டி, மருந்து தடவி, கொஞ்ச நேரம் ஈரத்துணி சுத்தச் சொன்னாங்க. நல்லா நைஞ்ச பருத்தியா இருக்கணுமாம். உங்கம்மாதான் கையப் புடிச்சிருக்குதுன்னு புள்ளைகிட்டச் சொன்னேன். அதுல இருந்து சொறியறதில்லீங்க."

கோகிலவாணிக்கு இன்னும் ஆத்திரம் அடங்கல.

"அவ சேலை உனக்கு ஏதுடி? பீரோவுலதான் ஒண்ணுமே இல்லையே?"

தேவிப்பிரியா தலையக் குனிஞ்சுக்கிட்டாள். பாயில இருந்து பூவிழிதான் சொன்னாள்:

"நீதானே பெரியம்மா, பட்டெல்லாம் எடுத்துக்கிட்டு, இது நைஞ்சு போச்சுன்னு குப்பையில போட்டே. நான்தான் எடுத்து வெச்சேன்."