ஒரு கரண்டி கசப்பு

"உங்க வாய்க்குச் சர்க்கரைதான் போடணும், டாக்டரம்மா!" தையல்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

சர்க்கரை போடும்படியான சேதிதான். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குப் புது மருந்து ஒன்றைக் கொடுத்துப் பார்க்கும் ஆய்வில் அவள் மகனும் சேர்ந்திருந்தான். பாதிப் பேருக்கு நிஜ மருந்து. மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத, அதே நிறமும் அதே கசப்பும் கொண்ட தண்ணீர். யாருக்கு எது என்று ஆய்வு முடியும்வரை டாக்டருக்கே தெரியாது. இன்றைக்குத்தான் கணினி வாய் திறந்தது.

"உங்க பையனுக்கு வந்தது நிஜ மருந்துதாம்மா."

"எனக்கு அப்பவே தெரியும்! வாயே திறக்காத பிள்ளை, இப்ப கேட்டதையெல்லாம் கேட்ட குரல்லயே திருப்பிச் சொல்றானே. லிஃப்ட்டுல பேசற பொண்ணு மாதிரி 'கதவு மூடுகிறது'ங்கறான். நேத்து என் குரல்லயே என்னைத் திட்டறான்!"

மகன் மூலையில் உட்கார்ந்து, நாற்காலிச் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டிருந்தான்.

அவள் கணவரின் முழங்கையை இடித்தாள். "இவர்தான் 'என் பிள்ளை என்ன சோதனை எலியா'ன்னு குதிச்சவரு. கடைசியில இவர் கையாலதான் ஆறு மாசமும் மருந்து!"

பொய்யில்லை. முதல் நாள் அவள் கொடுத்த மருந்தைப் பிள்ளை அவள் முகத்திலேயே துப்பினான். பஸ் ஓட்டுகிற அந்த மனிதர் அன்றைக்குத்தான் இளகினார். "இனிமே நான் பார்த்துக்கறேன். நீ போய் மெஷின்ல உட்காரு" என்றார்.

மறுநாள் முதல் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அப்பாவும் பிள்ளையும் உள்ளே. வெளியே வரும்போது பிள்ளை கரண்டியை நக்கிக்கொண்டே வருவான். இந்த மனுஷனையா நரம்பில்லாத நாக்கால் அவ்வளவு பேசினோம் என்று, மெஷினில் குனிந்தபடி அவள் கண் கலங்கியதுண்டு.

டாக்டர் புது பாட்டிலையும் கரண்டியையும் மேசைமேல் வைத்தார். "அடுத்த கட்டத்துல அளவை ரெண்டு மடங்காக்கிப் பார்க்கப்போறோம். அப்பா, அம்மா ரெண்டு பேரும் சம்மதிக்கணும்."

"தாராளமா! வெளியில உட்கார்ந்திருக்கிற அம்மாக்கள்கிட்டயும் நானே சொல்றேன், பயப்படாம சேருங்கன்னு."

"வேண்டாம்." என்றார் கணவர். "அதான் பேச ஆரம்பிச்சுட்டானே. போதும்."

"ஏங்க, பலன் கண்ணு முன்னால நிக்குது. இப்பவும் குறுக்க நின்னா எப்படி? நீங்க அவனைப் பெத்தவர்தானா?"

அவர் சாவிக்கொத்தை விரல் மாற்றி விரல் உருட்டிக்கொண்டிருந்தார்.

பிள்ளை நாற்காலியை விட்டான். பாட்டிலைப் பார்த்தான், கரண்டியைப் பார்த்தான். போய் அறைக் கதவைச் சாத்தினான், தினமும் பழகிய வேலை போல.

திரும்பி வந்து மேசையருகே நின்றான். அவன் பிறந்ததிலிருந்து அவள் காத்துக் கிடந்த முழுப் பேச்சு, அப்பாவின் ரகசியக் குரலில் அப்படியே வந்தது.

"கசப்பைக் கொட்டிட்டேன் ராசா, இது வெறும் சர்க்கரைத் தண்ணி... அம்மாகிட்ட மூச்சு விடாத!"