மூக்கை உடைத்தவனுக்கு ஒரு பாஸ்

காலை வெயில் உயரமான சன்னல்கள் வழியே கூடைப்பந்து அரங்கின் மரத்தரையில் கட்டம் கட்டமாக விழுந்துகிடக்கிறது. போன வருட இறுதிப் போட்டியில் எதிரணிக்கு ஆடி, முழங்கையால் கேப்டனின் மூக்கை உடைத்தவன், இப்போது கேப்டனுடைய அணியின் பனியனையே போட்டுக்கொண்டு அவன் எதிரில் நிற்கிறான். இந்தப் புதியவனுக்கு இடம் வேண்டும் என்றுதான் நேற்று கேப்டனின் மச்சானை அணியிலிருந்து கழற்றிவிட்டார்கள். “இவன்கூட ஆட முடியாது சார்,” என்கிறான் கேப்டன். “கோப்பை வேணுமா வேணாமா? பந்தைக் குடு,” என்கிறார் பயிற்சியாளர், விசிலைக் கடித்தபடி. கேப்டன் அவன் முகத்தைக் குறிவைத்தே பந்தை வீசுகிறான். மூக்குக்கு ஒரு விரற்கடை முன்னால் பிடித்தவன், கண்ணைக்கூடச் சிமிட்டாமல் திரும்பிக் கூடைக்கு எறிகிறான். பந்து வளையத்தில் படாமல் வலையை மட்டும் உரசிக்கொண்டு இறங்குகிறது. “நல்ல பாஸ்ண்ணே,” என்கிறான். இந்த வருடம் கோப்பை தங்களுக்குத்தான் என்பது கேப்டனுக்கு அந்தக் கணமே தெரிந்துவிடுகிறது. அடுத்த பந்தை இன்னும் பலமாக வீசுகிறான்.