நிமிராத மூலை

மாலை வெயிலில் புதுக் கட்டடத்தின் கண்ணாடிச் சுவர் தகதகக்கிறது. கல்யாணப் பெண்ணைப் படம் எடுக்க வந்தவர் போலப் படக்காரர் அதைச் சுற்றிச் சுற்றி வருகிறார். தேங்கிய நீரில் அதன் பிம்பத்தைப் பிடிக்கிறார். தரையில் மல்லாந்து, பால்கனிகளை விசிறியாக விரிக்கிறார். கைவேலையில் குறையில்லை, வாய்தான் கொஞ்சம் நீளம். பேசிக்கொண்டே முக்காலியில் கேமராவை ஏற்றிக் கண்ணை வைக்கிறார். மட்டம் பார்க்கும் குமிழி நட்டநடுவில் நிற்கிறது. எதிரே விளக்குக் கம்பம் நேராக நிற்கிறது. கட்டடத்தின் இடது மூலை மட்டும் மேலே போகப் போக வெளியே சாய்கிறது. லென்ஸை மாற்றுகிறார், இடத்தை மாற்றுகிறார்; மூலை மசியவில்லை. "என்ன மாப்ளே, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே?" என்கிறார் பின்னாலிருந்து அக்கா புருஷன். கட்டடம் கட்டியவர் அவர்தான். "மாமா, இது சாஞ்சிருக்கு." "தெரியும். நாளைக்கு வீடு பார்க்க ஜனம் வருது, படத்துல நிமித்திடு. அதுக்குத்தானே சொந்தக்காரனைக் கூப்பிட்டேன்!" இத்தனை வருஷம் மச்சினனுக்கு ஒரு வாய்க் காபி நீட்டாத மனுஷர் இன்று தோளில் கை போட்டதன் காரணம் இப்போதுதான் விளங்குகிறது. அதற்குள் மேலே, மாதிரி வீட்டுக்குத் திரை மாட்டப் போன அக்கா, ஏழாம் மாடிப் பால்கனியில் வந்து நிற்கிறாள். "டேய், வாசக் கதவு தொறக்க மாட்டேங்குதுடா! காலையில நல்லாத்தானே இருந்துச்சு. அவரை மேல வரச் சொல்லு!" படக்காரர் திரும்பிப் பார்க்கிறார். மாமா சிரித்த முகம் மாறாமல், தெருப் பக்கமாக ஒவ்வோர் அடியாகப் பின்வாங்கிக்கொண்டிருக்கிறார்.