பதினைந்து நொடிச் சிரிப்பு

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில், உள்ளே இருக்கும் அம்மாவுக்காக நானும் அக்காவும் காத்திருக்கிறோம். ஜன்னல் கம்பிகளின் நிழல் எங்கள் செருப்புவரை நகர்ந்து வந்துவிட்டது. எதிர் நாற்காலிக்காரரின் கைபேசியில் ஒரே வீடியோ திரும்பத் திரும்ப ஓடுகிறது. பதினைந்து நொடிக்கு ஒருமுறை யாரோ கெக்கெக்கென்று சிரிக்கிறார்கள். “நான் மட்டும் ஆட்சிக்கு வந்தா, சத்தமா வீடியோ பாக்கிறவங்களைத்தான் முதல்ல உள்ள தள்ளுவேன்,” என்று அக்கா பல்லைக் கடிக்கிறாள். நான் எழுந்து போகிறேன். அவர் வாய் லேசாகத் திறந்திருக்க, உட்கார்ந்தபடியே தூங்குகிறார். கைபேசியை மெல்ல உருவப் பார்க்கிறேன். விரல்கள் இன்னும் இறுகுகின்றன. “விட்டுடுப்பா,” என்கிறார் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் இருக்கும் பெண்மணி. “மகளை உள்ள சேத்து மூணு நாளாச்சு. இப்பதான் மனுஷன் கண்ணை மூடியிருக்காரு.” திரும்பி வந்து உட்காருகிறேன். சிரிப்பு மறுபடி கேட்கிறது. இம்முறை அக்கா அவர் முகத்தைப் பார்க்கிறாள். கதவு திறக்கிறது. நர்ஸ் முகக்கவசத்தைக் கழற்றியபடி வந்து எதிர் நாற்காலியின் முன் நிற்கிறார். “அவரைக் கொஞ்சம் எழுப்புங்களேன்,” என்கிறார், யார் முகத்தையும் பார்க்காமல். அந்தக் குரலிலேயே விஷயம் எங்களுக்குத் தெரிந்துவிடுகிறது. ஒருவரும் அசையவில்லை. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறாள். “இன்னும் ஒரு தடவை அது சிரிச்சு முடிக்கட்டும்,” என்கிறாள்.