எட்டு நாள் பிரபு

"சூப்புல உப்பே இல்ல. போய் வேற கொண்டாங்க!"

ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்தபடி விஸ்தின் அதட்டினான். மார்பில் வெள்ளைச் சிலுவை அணிந்த அல்வாரோ வெள்ளிக் கிண்ணத்தைப் பணிவாக எடுத்துக்கொண்டார்.

"இதோ, பிரபு."

பக்கத்தில் இருந்த மனைவி கர்ம்னிக்கு மானம் போயிற்று. வலை இழுக்கிற புருஷன், நாட்டை ஆளுகிற சபையின் வீரரை இப்படியா விரட்டுவது?

மால்டாவில் அதுதான் சட்டம். இருநூறு வருஷத்துக்கு முன் பிரெஞ்சுக் கப்பல்களை அடித்துத் துரத்திய சிலுவை வீரர் சபைதான் இன்றைக்கும் அங்கே ஆட்சி. ஒவ்வொரு வீரரும் ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளிக்குப் பணிவிடை செய்ய வேண்டும். நோயாளி படுத்திருக்கும்வரை அவர்தான் பிரபு. கைபேசியை அணைத்துவிட்டு, கால் பிடிக்கச் சொன்னாலும் வீரர் பிடிக்க வேண்டியதுதான்.

அல்வாரோவின் தலை மறைந்ததும் கர்ம்னி கட்டிலருகே குனிந்தாள்.

"ரெண்டே நாள்ல வீட்டுக்குப் போகலாம்னாங்க. இன்னிக்கு எட்டாவது நாள். எங்கிட்ட மறைக்காதய்யா. வயித்துல கட்டியா?"

நாலு நாளாக அவளுக்குத் தூக்கமே இல்லை.

"கட்டியும் இல்ல, கிட்டியும் இல்ல. மூணாம் நாளே வலி போயிருச்சு."

போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது.

"அடப்பாவி! வெள்ளிக் கிண்ணமும் கால் பிடிக்க ஆளும் கிடைச்சா எழுந்திரிக்க மனசு வராதோ? அங்க படகு சும்மா கிடக்கு. நான் கோயில்ல மெழுகுவத்தி ஏத்தி ஏத்தி..."

"மெதுவாப் பேசு புள்ள. நான் எழுந்து நடந்துட்டா, நாளைக்குக் கப்பல்ல அல்வாரோவைத் திரிப்போலி கோட்டைக்குக் காவலுக்கு அனுப்பிடுவாங்க. மூணு வருஷம். நோயாளி படுக்கையில இருக்கறவரைக்கும் சபைத் தலைவராலகூட அவரைக் கிளப்ப முடியாது."

"போகட்டுமே. உனக்கென்னய்யா?"

"ஞாயித்துக்கிழமை லிஸ்பன்லருந்து அவங்கம்மா வராங்க. மகனைப் பாத்துப் பதினோரு வருஷமாச்சாம். எம்பது வயசு. இன்னொரு தடவை வர முடியுமா, சொல்லு?"

கர்ம்னி கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"அவருகிட்ட மூச்சு விட்றாதே. பொய் தெரியாத மனுஷன், நேராப் போய் ஒப்பிச்சுடுவாரு. சூப்புல உப்பெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. உங்கிட்டத் தனியாப் பேசணுமே, அதான் அனுப்பினேன்."

வாசலில் காலடிச் சத்தம். புதுச் சூப்போடு அல்வாரோ வந்தார். பின்னாலேயே தலைமை வைத்தியர்.

"என்ன விஸ்தின், முகம் தெளிவா இருக்கே. நாளைக்கு வீட்டுக்குக் கிளம்பலாமா?"

விஸ்தின் வயிற்றைப் பிடிப்பதற்குள் கர்ம்னி எழுந்து குறுக்கே நின்றாள்.

"கிளம்பறதா? இப்பத்தான் குடல் வெளிய வர்ற மாதிரி வாந்தி எடுத்தாரு! திங்கக்கிழமைக்கு முன்னாடி எம் புருஷனை யாராச்சும் எழுப்பிப் பாருங்க, தெரியும் சேதி!"